கேம்ப் டீம்ல எல்லாரையும் வாய் திறக்க வைக்கிறது எப்படி?

வணக்கம், ஒரு உதவி வேணும். நான் நர்சிங் டியூட்டர், எம்பிபிஎஸ், நர்சிங், பார்மசி, பிசியோ பசங்களை ஒரே டீமா கிராமத்து சுகர் கேம்ப்புக்கு கூட்டிட்டு போறேன். போன தடவை ஒரு பாட்டியோட ரெண்டு மருந்து சீட்டுல ஒரே மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) வேற வேற பிராண்ட் பேர்ல இருந்துச்சு, பார்மசி பொண்ணு கண்டுபிடிச்சுட்டா, ஆனா டாக்டர் பசங்க முன்னாடி பேசவே இல்ல, பஸ்ல திரும்பி வரும்போதுதான் என்கிட்ட மெதுவா சொன்னா, எனக்கு மனசே ஆறல, உடனே பாட்டி வீட்டுக்கு போன் போட்டோம். வேற வேற மருத்துவப் படிப்பு பசங்க சேர்ந்து கத்துக்கணும், ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே சொல்லியாச்சு, பசங்களும் அதை பரீட்சையில எழுதிடுறாங்க. எஸ்பார் (SBAR) முறையில பேச பழக்கலாம்னு இருக்கேன், அதாவது நிலைமை, பின்னணி, நம்ம கணிப்பு, என்ன செய்யணும்னு நாலே வரியில சொல்றது. ரோல் ப்ளே நடத்தினவங்க எந்த கேஸ் வெச்சீங்க, கூச்சப்படுற பசங்களை எப்படி பேச வெச்சீங்க, சொல்லுங்களேன். அடுத்த கேம்ப்புக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு.