வராக வௌவால் வேண்டாம், மூக்கு போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் Kitti's hog-nosed bat எனப்படும் மிகச் சிறிய வௌவாலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த ‘வராக வௌவால்’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. வராகன் என்றதும் பழைய பொற்காசு நினைவுக்கு வருவது சிறு குறை. பெரிய குறை, அந்தப் பெயர் ஒரு முழு விலங்கையே வௌவாலின் முதுகில் ஏற்றிவிடுகிறது. நூறு கிலோவைத் தாண்டி வளரும் காட்டுப்பன்றிக்கும் இரண்டு கிராம் எடையுள்ள இந்த உயிருக்கும் பொதுவாக இருப்பது மூக்கின் சாயல் ஒன்றுதான்.

அந்தச் சாயலும் மேலோட்டமானது. காட்டுப்பன்றியின் மூக்கு நுனியில் வட்டமான குருத்தெலும்புத் தகடு இருக்கிறது. அதற்கு முட்டுக்கொடுக்க உள்ளே தனியாக ஒரு சிற்றெலும்பும் உண்டு. கிழங்கைத் தேடி மண்ணைக் கிளறும் கருவி அது. கேழல், அதாவது காட்டுப்பன்றி, நிலத்தை உழுததாகச் சங்கப் புலவர்கள் பாடியது வெறும் அணிக்காக அல்ல. இந்த வௌவாலுக்கோ மண்ணில் வேலையே இல்லை. தாய்லாந்திலும் மியான்மரிலும் சுண்ணாம்புக்கல் குகைகளில் தொங்கிக் கிடந்து, மாலையில் அரை மணி நேரமும் விடியலில் அதற்கும் குறைவாகவும் வெளியே வந்து பூச்சி பிடிக்கிறது. தடித்துப் புடைத்த மூக்கு, பிறை வடிவத் துளைகள், இரண்டுக்கும் நடுவே அகன்ற தடுப்பு: பன்றி நம் நினைவுக்கு வருவது இவற்றால்தான்.

‘ஏனமூக்கு’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஏனம் என்பதும் பன்றிதான், ஆனால் பலருக்கு அது பாத்திரம். சட்டிமூக்கு வௌவால் ஆகிவிடும்! ‘கிட்டி வௌவால்’ என்றால் கிட்டிப்புள் விளையாட்டுதான் கண்முன் நிற்கும். இந்த வௌவாலைக் கண்டறிந்த தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யாவின் நினைவு 1974இல் இட்ட அறிவியல் பெயரில் பத்திரமாக இருக்கிறது, அது போதும்.

அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்று பறவைகளுக்கு நம்மவர் வைத்த பெயர்களைப் பார்த்து முதலில் ‘பன்றிமூக்கன்’ என்றே எழுதி வைத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஆனால் பன்றிமூக்கு ஆமை இருக்கிறது, பன்றிமூக்குப் பாம்பும் இருக்கிறது. தனித்து நின்றால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. முள்ளம்பன்றியில் நடந்த குழப்பமும் போதும்: அது கொறிவிலங்கு, பெயர் மட்டும் பன்றி. ஈற்றுச்சொல் வௌவாலாக இருந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே என் வாக்கு ‘பன்றிமூக்கு வௌவால்’ என்பதற்கு. குடும்பத்தில் இந்த ஓர் இனம்தான் என்பதால், குடும்பப் பெயருக்கும் அதையே நீட்டிக்கொள்ளலாம். ‘பன்றிமூஞ்சி’ வேண்டாம், மூஞ்சி என்றால் வாயும் தாடையும் சேர்ந்துவிடும், இங்கே ஒத்திருப்பது மூக்கு மட்டுமே. வௌவாலுக்குப் பதில் ‘துரிஞ்சில்’ என்று போடலாமா என்பதில்தான் எனக்கு இன்னும் சபலம் இருக்கிறது. அகராதியில் அது ஒரு வௌவால் வகைதான். உசில மரத்துக்கும் அதே பெயர் என்பதால் தயங்குகிறேன். உங்கள் கருத்து?