புதுப்பிப்பு: மகளுக்கு இரண்டாம் பெயர் வைத்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: மகளுக்கு யாழினி என்று முடிவாகிவிட்டது, கூடவே அவளுடைய அப்பத்தா, அதாவது என் மாமியார் பெயரான அழகம்மை வேண்டும், இரண்டும் சேருமா என்று. ‘னி’யில் முடிந்து ‘அ’வில் தொடங்குவதால் நாக்கு தடுக்கும், ஆயா (என் அம்மா) பெயரான வள்ளியம்மையே பொருந்தும் என்று பலர் சொன்னீர்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அப்புறம் காரைக்குடி வீட்டுக்குப் போனோம். மாமியார் வளவுத் (நடுமுற்றத்து) திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் கூப்பிட்டார்: “யாழினியழகம்மை!” நடுவில் ஒரு ‘ய’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இலக்கணத்தில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதேதான். பிரித்துப் பிரித்துச் சொல்லிப் பார்த்ததால்தான் எங்களுக்கு அது இடறியிருக்கிறது. பட்டாலையில் (கூடத்தில்) இருந்த எனக்கு ‘இனிய அழகம்மை’ என்றே காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது.

மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லாத வீடு எங்களுடையது. இனி நாள்தோறும் அந்தப் பெயரைக் கொஞ்சிக் கூப்பிடுவேன்.

பெயரைப் பதிவது பற்றிக் கேட்டவர்களுக்கு: பிறப்புச் சான்றிதழில் இரண்டாம் பெயருக்குத் தனிக் கட்டம் இல்லை. ‘யாழினி அழகம்மை’ என்று சேர்த்தே எழுதிக் கொடுத்தோம். பிறந்த 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் தாமதக் கட்டணம் கிடையாது. வள்ளியம்மை அடுத்த பிள்ளைக்கு என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறோம்.