பாட்டியின் கண்ணும் கண்ணாடியும்

கவி: (படம்)
சித்தப்பா, பாட்டியை எடுத்தேன். கேமரா திரையில் நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கினால் கண் மங்கலாக இருக்கிறது. கை ஆடிவிட்டதோ?

சித்தப்பா: கை ஆடவில்லை கவி. கண்ணாடி ஃபிரேமைப் பார், அதில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிறது. ஃபோகஸ் அதில் விழுந்திருக்கிறது. அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு, என்ன வைத்தாய்?

கவி: எஃப் 1.8. 50 மி.மீ. லென்ஸ். ஒரு மீட்டர் தள்ளி நின்றேன்.

சித்தப்பா: உன் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அளவில் சிறியது. அதில் அந்தத் தூரத்துக்கு டெப்த், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம், 3 செ.மீ.கூட வராது. அதில் பாதி ஃபிரேமுக்கு முன்னால் போய்விடும். மிச்சம் இருப்பது கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. எஃப் 4 வைத்துப் பார். எண் கூடினால் துவாரம் சுருங்கும், டெப்த் கூடும்.

கதிர்: 1.8 வேண்டும் என்றுதானே அந்த லென்ஸையே வாங்கினோம்? எஃப் 4 வைத்தால் பின்னணி மங்காதே சித்தப்பா.

சித்தப்பா: மங்கும்ப்பா. அம்மா சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள், எஃப் 4-லேயே சுவர் கரைந்துவிடும்.

சித்தப்பா: 1.8 கூடவே கூடாது என்று சொல்லவில்லை. முழு உருவம் எடுக்க 3 மீட்டர் தள்ளிப் போனால் அதே 1.8-ல் 25 செ.மீ. கிடைக்கும். தூரம் இரட்டித்தால் டெப்த் ஏறக்குறைய நாலு மடங்கு. முகத்தை நெருங்கும்போதுதான் சிக்கல்.

அத்தை: எனக்கு இந்தப் படமே பிடித்திருக்கிறது. அம்மா எவ்வளவு நாள் கழித்து இப்படிச் சிரிக்கிறாள்!

சித்தப்பா: அதனால்தான் அக்கா மனசு கேட்கவில்லை. அந்தச் சிரிப்பே கண்ணோரச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. அது மங்கியிருக்கிறதே.

கவி: வீட்டுக்குள் எஃப் 4 வைத்தால் இருட்டாகிறது சித்தப்பா.

சித்தப்பா: ஆமாம், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி இருந்தால் 1/250 ஆக்கு, ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 200-ஐ 500 ஆக்கு. சரியாகிவிடும். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும், ஃபோகஸ் தவறிய கண்ணை அப்புறம் மீட்க முடியாது. ஃபோகஸ் புள்ளியை உனக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணிலேயே வை.

கவி: (படம்)
எஃப் 4, ஒன்றரை மீட்டர். கருவிழியில் ஜன்னல் தெரிகிறது!!

அத்தை: இமை முடிகூட எண்ணலாம் போலிருக்கிறது. இதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும்.

சித்தப்பா: அருமை கவி. டெப்த் 14 செ.மீ. கிடைத்திருக்கும். காது லேசாக மங்கியிருக்கிறது, அது அழகுதான்.

கவி: தாத்தாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது?

சித்தப்பா: 5.6-க்குப் போ. கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள். தாத்தா சாய்ந்து உட்காருவார், இரண்டு முகமும் ஒரே வரிசையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எடு.