அமெரிக்கப் பண்ணைகளில் நேரில் கண்டது: உங்கள் அனுபவம் என்ன?

அயோவா முத்து:
2024 மே மாதச் சூரியப் புயல் எல்லோருக்கும் நினைவிருக்கும். வானத்து வண்ண வெளிச்சத்தைப் படம் எடுத்துப் போட்டோமே, அதே வார இறுதி. நண்பரின் டிராக்டர் கேபினில் உட்கார்ந்திருந்தேன். மக்காச்சோள விதைப்பு. அந்தப் புயலில் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாற, ஜிபிஎஸ் திரையில் கோடு ஒரு பக்கமாக நழுவியது. தானாக ஓடும் ஸ்டியரிங்கும் அதன் பின்னாலேயே போக, சால் கோணலாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டார். மண் நல்ல பதம், மழைக்கு முன் முடித்தாக வேண்டும். எண்பதைத் தாண்டிய அவர் அப்பா கீழே நின்று, "அந்தக் கம்பத்தைப் பார்த்து ஓட்டுடா" என்று கத்தினார். மகன் ஸ்டியரிங்கில் கை வைத்தார், எடுத்துவிட்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ராணுவத்துக்காக ஏவிய செயற்கைக்கோள்கள்தானே இந்த ஜிபிஎஸ்! பொதுமக்கள் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம்தான் எடுத்தார்கள். அதற்குள் அது இல்லாமல் ஓட்டக் கை வராது என்று ஆகிவிட்டது.

லிங்கன் செல்வி:
முத்து, சிக்னல் மறுநாள் வந்துவிடும். விவசாயியை நிலத்தை விட்டே துரத்தியது அரசியல். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவைக் காரில் கூட்டிப் போனேன். வழியில் வயலில் ஒரு பழைய டிராக்டர். "நிறுத்து" என்றார். 1985-இல் ஏலத்தில் போன அவர்கள் வண்டி. ஏலம் எடுத்தவரும் இவர் போகும் தேவாலயத்துக்கே வருகிறார். ஞாயிறுதோறும் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள், டிராக்டரைப் பற்றி மட்டும் பேசியதே இல்லையாம்.

1970-களில் வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ் ஒரு வேலியிலிருந்து மறு வேலி வரை இடம் விடாமல் விதைக்கச் சொன்னார். 1972-இல் சோவியத் கோதுமையை அள்ளிப் போனது, விலை ஏறியது, கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். அப்புறம் வட்டி எகிறியது. 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பியதற்காகச் சோவியத்துக்குப் போக இருந்த கூடுதல் தானியத்தை அதிபர் கார்ட்டர் நிறுத்தினார். அயோவாவில் 1981-இல் ஒரு ஏக்கர் நிலத்தின் விலை சராசரியாக 2,147 டாலர், 1986-இல் 787. கடன் மட்டும் அப்படியே நின்றது.

பியோரியா ரவி:
செல்வி அக்கா, போரை விட்டுவிட்டீர்களே. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த அன்ஹைட்ரஸ் அமோனியா (தழைச்சத்து உரம்) விலை, உக்ரைன் போர் தொடங்கியதும் டன் 1,500 டாலரைத் தாண்டியது. இங்கே எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு உர டாங்கியை அப்படியே திருப்பி அனுப்பினார். உரத்துக்கும் போருக்கும் உறவு பழையது: அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஆலை முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காகக் கட்டியது, பிறகுதான் உரத்துக்கு வந்தது.

முத்து அண்ணே, உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். இனி இப்படிப் புயல் வந்தால், அந்த நேரத்தில் விதைத்த சால்களைத் தனியாகக் குறித்து வைக்கட்டும். பதிவான கோடு ஓரிடம், சால் ஓரிடம் என்று இருக்கும். பிறகு வரிசைக்கு நடுவே உரம் போடப் பதிவை நம்பி ஓட்டினால் பயிர் மேலேயே சக்கரம் ஏறும். அங்கே கண்ணால் பார்த்துக் கையால்தான் ஓட்ட வேண்டும். விதைக்கும் கருவியில் மார்க்கர் கை இருந்தால் கழற்ற வேண்டாம். அது மண்ணில் கீறும் கோட்டைப் பிடித்துக்கொண்டே, எந்தச் சிக்னலும் இல்லாமல், அடுத்த நடைக்கு வண்டியை ஓட்டலாம். புதிதாக வாங்கினாலும் மார்க்கர் உள்ளதாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.