9 காயிலில் ஒன்று ஷார்ட் போலிருக்கிறது, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர்களே, மொட்டைமாடியில் வைக்கும் காற்றாடிக்காக நானே ஒரு ஜெனரேட்டர் செய்துகொண்டிருக்கிறேன். (வீடியோவில் வரும் ‘தானே சுற்றும் காந்த மோட்டார்’ கதை இல்லை, காற்று அடித்தால்தான் கரண்ட்.) பழைய கார் ஹப்பில் இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்கு 12 நியோடிமியம் காந்தம், நடுவில் ஸ்டேட்டராக (சுற்றாமல் நிற்கும் பகுதி) ரெசினில் வார்த்த 9 காயில். ஒவ்வொன்றும் 20 கேஜ் கம்பியில் 100 சுற்று. மூன்று மூன்றாகச் சேர்த்து மூன்று பேஸ் (தனித்தனி ஏசி லைன்), மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாகக் கோத்த ஸ்டார் கனெக்‌ஷன்.

டிரில்லிங் மெஷின் மாட்டி 300 ஆர்பிஎம்மில் சுற்றினால் இரண்டு பேஸில் 9 வோல்ட் ஏசி வருகிறது. மூன்றாவதில் 6தான். ஒரு காயிலைத் தலைகீழாகக் கோத்திருந்தால் 3 (3+3-3) அல்லவா காட்ட வேண்டும்? அதனால் ஷார்ட் என்றே நினைக்கிறேன். ஒயரையெல்லாம் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினாலும் லேசாக ஒரு இழுவை இருக்கிறது. உள்ளே இரும்பே இல்லாத ஸ்டேட்டரில் அது வரவே கூடாது; ஷார்ட்டான காயிலுக்குள்ளேயே கரண்ட் ஓடினால்தான் வரும். ஒரு காயிலில் உள்முனைக் கம்பி மேலே ஏறி வரும் இடத்தில் எனாமல் (கம்பியின் மேல்பூச்சு) உரிந்திருந்ததை வார்க்கும்போதே பார்த்தேன். சோம்பலில் விட்டுவிட்டேன். எந்தக் காயில் என்பதும் இப்போது நினைவில்லை.

தட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பேஸில் 1 ஆம்பியர் டிசி விட்டு, ஒவ்வொரு காயில் பக்கத்திலும் காம்பஸ் வைத்து, எதன் பக்கத்தில் முள் சரியாகத் திரும்பவில்லை என்று பார்க்கலாம் என்று யோசனை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், அந்த ஒன்றை மட்டும் ரெசினிலிருந்து நோண்டி எடுத்து மாற்ற முடியுமா, இல்லை ஒன்பதையும் புதிதாகச் சுற்ற வேண்டியதுதானா?