எலக்ட்ரிக் கார்ல அப்டேட் இறங்குது, ஆனா இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது. க்ரூஸ் கண்ட்ரோல் வெளிய போட்டுக்கலாமா?

ஈரோட்டு வண்டி:
வணக்கம்ங்க. 2022 மாடல் எலக்ட்ரிக் கார், நடு வேரியண்ட். கம்பெனி பேரு வேணாம், சொன்னா கேள்விய விட்டுட்டு எல்லாரும் கம்பெனிய பத்தி சண்டை போட ஆரம்பிச்சிருவீங்க.

பிரச்சனை என்னன்னா அப்டேட் வந்திருக்குன்னு ஸ்க்ரீன்ல காட்டுது, வீட்டு வைஃபைல டவுன்லோடும் ஆயிடுது, இன்ஸ்டால் குடுத்தா கொஞ்ச நேரம் சுத்திட்டு "நிபந்தனைகள் சரியில்லை, பிறகு முயற்சிக்கவும்"னு வந்து நின்னுருது. எந்த நிபந்தனைன்னு சொன்னா தானே சரி பண்ண முடியும். பெரிய பேட்டரில சார்ஜ் 80% இருக்கு, வண்டி பார்க்ல தான் இருக்கு, ஹேண்ட்பிரேக்கும் போட்டாச்சு. சர்வீஸ் சென்டர்ல கேட்டா ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு போங்கன்றாங்க. சில நாள் காலைல மொபைல் ஆப்ல வண்டி ஆஃப்லைன்னு வேற காட்டுது.

இன்னொன்னு, இதே வண்டி புது பேட்ச் வாங்கின ஃப்ரெண்டுக்கு ரீஜென் (ஆக்சிலரேட்டர விட்டா மோட்டாரே வேகத்த கொறைச்சு பேட்டரிக்கு கரண்ட் திருப்பி தரது) மூணு லெவல், க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டர மிதிக்காமலே ஒரே வேகத்துல ஓட்டறது) எல்லாம் இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆக்சஸரீஸ் கடைக்காரர் 360 கேமராவோட க்ரூஸும் "கோடிங்" பண்ணி 28 ஆயிரத்துக்கு தரேங்கறார். போடலாமா?

ப்ளக்பாயிண்ட் பாலு:
ஸ்டியரிங்ல ரெண்டு ஸ்க்ரோல் வீலையும் சேத்து அழுத்தி புடிங்க ப்ரோ, ஸ்க்ரீன் ரீஸ்டார்ட் ஆயிரும்

மல்டிமீட்டர்:
@ப்ளக்பாயிண்ட் பாலு அது டெஸ்லாவுக்குயா. அவர் வண்டில ஸ்க்ரோல் வீலே இருக்காது.

@ஈரோட்டு வண்டி பெரிய பேட்டரி 80% இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். பானட்ட தொறந்தா சின்னதா ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும் பாருங்க, பெட்ரோல் வண்டில இருக்கற அதே ஜாதி தான். ஸ்க்ரீன், லாக், ஆப்போட பேசற சிம், உள்ள இருக்கற அத்தனை கன்ட்ரோல் யூனிட்டும் அதுல தான் ஓடுது. பெரிய பேட்டரிய வண்டிக்குள்ள இணைக்கற கான்டாக்டருக்கும் இந்த 12 வோல்ட் தான் கரண்ட் குடுக்கணும், அதனால சின்னது செத்தா பெருசு ஃபுல்லா இருந்தும் வண்டி கல்லு மாதிரி நிக்கும். அப்டேட் ஏத்தும்போது வோல்டேஜ் பாதில விழுந்தா யூனிட்டே கெட்டுப்போயிரும், அதுக்கு பயந்து தான் வண்டி மொதல்லயே மாட்டேன்னுருது. ஆப் ஆஃப்லைன் ஆகறதும் இதோட சேந்த வியாதி மாதிரி தான் தெரியுது.

ராத்திரி லாக் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ, காலைல வண்டிய ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ மீட்டர் வெச்சு பாருங்க. லெட் ஆசிட் பேட்டரின்னா ஓய்வுல 12.6 பக்கம் இருந்தா ஃபுல், 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போனா படுத்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் வண்டிய ஆன் பண்ணி ரெடி போட்டு பாருங்க, பெரிய பேட்டரில இருந்து சின்னதுக்கு சார்ஜ் ஏத்தற டிசி டிசி கன்வெர்ட்டர் வேலை செஞ்சா 13.5ல இருந்து 14.5க்குள்ள காட்டணும். ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க, அது ஹை வோல்டேஜ். டேஷ்கேம் மாதிரி வெளிய வாங்கி ஏதாச்சும் மாட்டிருக்கீங்களா?

ஈரோட்டு வண்டி:
எலக்ட்ரீசியன் தம்பி கிட்ட மீட்டர் வாங்கி பாத்தேங்க. ராத்திரி 12.5, காலைல 11.9. ரெடி போட்டா 14.1 வருது. டேஷ்கேம் இருக்கு, முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரா, பார்க்கிங் மோட் ஆன்ல தான் இருக்கும், ஏன்னா எங்க தெருவுல பைக்காரனுங்க உரசிட்டு போயிட்டே இருக்கானுங்க.

மல்டிமீட்டர்:
அப்ப கன்வெர்ட்டர் நல்லாருக்கு, ராத்திரியெல்லாம் உறிஞ்சறது கேமரா தான். கடைக்காரர் எப்பவும் கரண்ட் இருக்கற ஃப்யூஸ்ல இழுத்து விட்டுருப்பார். வண்டிய ஆஃப் பண்ணா கரண்ட் நின்னுர்ற ஆக்சஸரி ஃப்யூஸுக்கு மாத்துங்க, இல்ல பார்க்கிங் மோட் வேணும்னா லோ வோல்டேஜ் கட் ஆஃப் இருக்கற ஹார்ட்வயர் கிட் போட்டு 12.4ல செட் பண்ணுங்க. இப்போதைக்கு கேமராவ கழட்டிட்டு வண்டிய நல்லா ஓட்டி, அப்புறமா இன்ஸ்டால் குடுத்து பாருங்க. அதுக்கு மேலயும் காலைல 12.2 தாண்டலைன்னா பேட்டரியே தேஞ்சிருக்கு, மாத்திடுங்க.

கிண்டி சர்வீஸ்காரன்:
வேற கம்பெனி ஒர்க்ஷாப்ல இருக்கேன், அதனால பொதுவா சொல்றேன். அப்டேட்ல என்ன வரும் என்ன வராதுன்னு நிறைய பேருக்கு குழப்பம். வண்டில ஏற்கனவே இருக்கற பொருள வேற மாதிரி வேலை வாங்கறது தான் சாஃப்ட்வேர், இல்லாத பொருள அது கொண்டு வராது.

2022 ஜூலைல டாட்டாவோட நெக்ஸான் ஈவி ப்ரைம் வந்தப்ப பழைய நெக்ஸான் ஈவி ஓனர்களுக்கும் மல்டி மோட் ரீஜென், டயர் பிரஷர் வார்னிங் எல்லாம் சர்வீஸ் சென்டர்ல அப்டேட்டா குடுத்தாங்க. டயருக்குள்ள சென்சாரே இல்லாம பிரஷர் எப்படி தெரியும்னு கேப்பீங்க. காத்து கொறைஞ்ச டயரோட சுத்தளவு துளி சின்னதாகும், அதனால மத்த மூணு சக்கரத்த விட வேகமா சுத்தும், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) சென்சார் அத தான் ஏற்கனவே எண்ணிட்டு இருக்கே, கணக்கு போடற புரோகிராம் மட்டும் சேத்தா போதும். ஆனா இந்த டயர்ல இத்தனை பிஎஸ்ஐன்னு நம்பர் வேணும்னா வால்வுல சென்சார் வேணும், அது அப்டேட்ல வராது. ரீஜெனும் அப்படித்தான், மோட்டார் ஏற்கனவே கரண்ட் திருப்பி குடுக்குது, எவ்வளவுன்னு சொல்றது சாஃப்ட்வேர். 2023 பிப்ரவரில நெக்ஸான் ஈவி மேக்ஸோட எம்ஐடிசி (இந்திய டெஸ்ட் முறை) ரேஞ்ச் 437ல இருந்து 453 கிமீ ஆனதும் அப்டேட்ல தான்.

வெளிநாட்ல பெரிய உதாரணம் 2018ல நடந்துச்சு. பொருள்கள சோதிச்சு ரிப்போர்ட் போடற அமெரிக்க அமைப்பு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸோட டெஸ்ட்ல டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்துல இருந்து நிக்க 152 அடி எடுத்துச்சு. கம்பெனி ஏபிஎஸ் புரோகிராம திருத்தி ஓடிஏல (காத்து வழியா, அதாவது இன்டர்நெட்ல) அனுப்பின பிறகு அதே வண்டி 133 அடில நின்னுச்சு, பிரேக் பேட் கூட மாத்தல. ஆனா அதே கம்பெனி ஆட்டோபைலட் (ஓட்டறவருக்கு உதவியா தானா ஸ்டியரிங் புடிக்கறது) கம்ப்யூட்டர் பழசானப்ப ஆள் வெச்சு அந்த சர்க்யூட் போர்ட கழட்டி புதுசு தான் மாட்டினாங்க, காத்துல அனுப்பல.

க்ரூஸ் உங்க வண்டில ரெண்டுக்கும் நடுவுல நிக்கற கேஸ். புரோகிராம் உள்ள இருக்கலாம், பட்டன் இருக்கணுமே.

க்ராய்டன் கண்ணன்:
இதோட மறுபக்கமும் இருக்கு. இங்க யூகேல 2016க்கு முந்தின நிசான் லீஃபுக்கு 2024 ஏப்ரல்ல ஆப் சேவைய நிறுத்திட்டாங்க, காரணம் வண்டிக்குள்ள இருந்தது 2ஜி மோடம். வண்டி நல்லா ஓடுது, ஃபோன்ல ஹீட்டர் போட முடியாது, அவ்வளவு தான். கனெக்டட் ஃபீச்சருக்காக காசு கூட குடுத்து வேரியண்ட் எடுக்கறவங்க இத மனசுல வெச்சுக்கோங்க.

சேலம் வொயரிங்:
28 ஆயிரம் கேமரா விஷயம். நான் 14 வருசமா இந்த தொழில் தான். 360 கேமரா தனியா போடலாம், கப்ளர் டு கப்ளர் கிட்டா (ஒயர வெட்டாம சொருகி மாட்டறது) இருக்கணும், கம்பெனி ஒயர்ல பிளேடு வெச்சு சீவி முறுக்கி டேப் சுத்தற ஆளா இருந்தா வேணாம்னுட்டு வந்துருங்க. பின்னாடி எந்த கோளாறுன்னாலும் ஷோரூம்காரன் அந்த டேப்ப தான் ஃபோட்டோ எடுத்து வாரண்டி இல்லம்பான்.

க்ரூஸ் வெளிய பண்ணாதீங்க. பட்டன் ஏர்பேக் பக்கத்துல வருது, ஒயர் ஸ்டியரிங்குக்கு பின்னாடி க்ளாக் ஸ்ப்ரிங் (ஸ்டியரிங் சுத்தினாலும் ஒயர் அறுந்துபோகாம இருக்க வெக்கற சுருள்) வழியா போகுது, கழட்டறதுக்கு முன்னாடி 12 வோல்ட்ட துண்டிச்சு காத்திருக்கணும். அவசரத்துல சாவி ஆன்ல வெச்சே ஏர்பேக் கப்ளர உருவற பசங்கள பாத்திருக்கேன், எரியற வார்னிங் லைட்ட அணைக்க அப்புறம் அலையணும். அதுக்கு மேல, ஆக்சிலரேட்டர கட்டுப்படுத்தற யூனிட்டுக்குள்ள எவனோ லேப்டாப்ல நுழையறதுக்கு நீங்க காசு வேற குடுக்கணுமா?

ஈரோட்டு வண்டி:
கேமரா ஃப்யூஸ உருவிட்டு கோயமுத்தூர் போயிட்டு வந்தேன், மறுநாள் காலைல 12.5 இருந்துச்சு, இன்ஸ்டால் குடுத்தேன், ஒரு முனகலும் இல்லாம ஏறிருச்சு. ரீஜென் லெவல் வந்திருச்சுங்க, மூணாவதுல வெச்சா பெருந்துறை ரோட்டு சிக்னல்ல பிரேக்கே தேவைப்படல, பின்சீட்ல அம்மாவுக்கு தான் தலை ஆடுதாம், அதனால ரெண்டுல வெச்சிருக்கேன். ஆப்பும் ஆன்லைன்.

க்ரூஸ் வரல. ஷோரூம்ல கேட்டேன், ஸ்டியரிங் சுவிட்ச் வேற பார்ட்டாம், ஆர்டர் போட்டு மாட்டி கோடிங் பண்ணலாம்னு வாயால சொல்றாங்க, எஸ்டிமேட் இன்னும் குடுக்கல.

கிண்டி சர்வீஸ்காரன்:
வாயால சொன்னத நம்பி அட்வான்ஸ் கட்டாதீங்க. உங்க வண்டி சேசிஸ் நம்பர போட்டு அந்த பார்ட் பொருந்துமான்னு பார்ட்ஸ் கேட்டலாக்ல பாக்க சொல்லுங்க. க்ளாக் ஸ்ப்ரிங்ல அந்த பின்னுக்கு ஒயர் இருக்கான்னும் கேளுங்க, சில நடு வேரியண்ட்ல அதையே கொறைச்சு போட்டிருப்பாங்க, அப்ப அதுவும் சேத்து வாங்கணும், விலை எகிறிரும். எஸ்டிமேட்ல பார்ட் நம்பர், லேபர், கோடிங் சார்ஜ் மூணும் தனித்தனியா எழுதி வாங்குங்க, ஜாப் கார்டுல "கம்பெனி ஃபிட்டிங்"னு இருக்கணும். வந்ததும் தொகைய இங்க போடுங்க, சரியான ரேட்டான்னு பாத்து சொல்றேன்.