நினைவுக்கல்லில் கிரைண்டர் பட்ட இடம்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

பொரளைவாசி:
அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு முன் கல்லை நட்டுவிட வேண்டும் என்று அவசரப்பட்டோம். கனத்தை மயானத்துக்கு அருகே ஒரு பட்டறை. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த கறுப்புக் கல். பாஸ் சாப்பிடப் போயிருந்த நேரம் உதவிப் பையன் கல் வெட்டும் நான்கு அங்குலக் கிரைண்டரை எடுத்தான். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் ழகரத்தின் வால் வளையும் இடத்தில் டிஸ்க் எகிறியது. அப்பா பிறந்த ஊரின் குறுக்கே ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கறுப்பு மை பூசித் தந்தார்கள். இரண்டே மழையில் மை போய்விட்டது.

கல்தச்சன் மகள், கொட்டாஞ்சேனை:
பையனைக் குறை சொல்லாதீர்கள். அந்த வேலைக்கு அந்த ஆயுதமே தவறு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுழலும் வட்டத் தகடு நேர்கோடுதான் வெட்டும். வளைவில் திருப்பினால் கல்லில் இறுகி உதைக்கும். தமிழ் எழுத்தோ முழுக்க வளைவும் சுழியும். ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி, கம்பிரசர் காற்றில் துகளை ஊதிச் செதுக்கச் சொல்லுங்கள். அல்லது கார்பைடு முனை உளி பூட்டிய காற்றுச் சுத்தியல். ஊதுவதற்கு ஆற்றுமணல் வேண்டவே வேண்டாம், அதன் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அலுமினியம் ஆக்சைடு துகள் கேளுங்கள். வெட்டும்போது தண்ணீர் விட வேண்டும், மின் இணைப்பில், கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் ஸ்விட்ச் கட்டாயம். துணி முகமூடி நுண்தூசியைத் தடுக்காது. என் அப்பா முகத்தில் கைலேஞ்சிதான், கைக்குட்டைதான் கட்டுவார். மாலையில் வீட்டுக்கு வந்து லேஞ்சியை அவிழ்த்தால் உள்பக்கமும் வெள்ளையாக இருக்கும். நுரையீரலில் படிந்த சிலிக்காவுக்கு மருந்தில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மட்டக்குளியான்:
தங்கச்சி, ஒரு திருத்தம். கறுப்புக் கிரனைட் என்று விற்பதில் பெரும்பகுதி கிரனைட்டே அல்ல. டொலரைட், கப்ரோ என்ற வேறு பாறை வகைகள். அவற்றில் குவார்ட்ஸ், அதாவது நீங்கள் சொன்ன சிலிக்கா, மிகக் குறைவு. சலவைக்கல்லிலும் அப்படித்தான். சாம்பல் நிறக் கிரனைட்தான் ஆபத்து.
அம்மம்மாவின் கல்லுக்கு எல்லாம் மெஷினில் முடித்த பிறகு, மெய்யெழுத்துப் புள்ளிகளை மட்டும் ஒரு முதியவர் கைஉளியால் வைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு விரல் நுனியால் குழியைத் தடவிப் பார்த்தார். பதினேழு புள்ளிகள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

கல்தச்சன் மகள், கொட்டாஞ்சேனை:
அண்ணா, வந்த கல்லையெல்லாம் அப்பா வெட்டினார். இது எந்தக் கல் என்று பார்த்து மூச்சு விட யாரால் முடியும்?
பொரளை அண்ணா, அந்தக் கோட்டை அப்படியே விட வேண்டாம். முகப்பைச் சில மில்லிமீட்டர் தேய்த்து, மறுபடி பாலிஷ் செய்து, புதிதாக எழுதலாம். நல்ல பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

பொரளைவாசி:
கேட்டேன், முடியும் என்றார்கள். ஆனால் மேல் மூலையில் அம்மா தன் கையால் வரைந்து கொடுத்த மல்லிகைக் கொத்து இருக்கிறது. ஊசியால் கல்லில் பொளிந்த மெல்லிய வேலை. தேய்த்தால் முதலில் அதுதான் போகும். அம்மாவின் கை இப்போது நடுங்குகிறது. அதனால் கோடு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.